கோச் பெண்டாட்டிக்கு எந்த நம்பர்?

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி ரோட்டில் இன்னும் தார் போட்டு முடியவில்லை. நான் இந்த முனையில் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாகப் போ'. பிப்ரவரிக் கோடை, நாற்பத்தொரு டிகிரி. ஈ மொய்க்காத இடம் என் பல் மட்டும்தான், அதுவும் வாயை மூடியிருந்தால்.

சாயங்காலம் முதல் பயிற்சி. எங்கள் வரிங்கா ஊர்ப் பெண்கள் ரக்பி லீக் அணிக்குப் புது கோச் யார் என்றால், என் புருஷன் ரஸ். பழைய கோச் ஜனவரியில் சுரங்க வேலைக்குப் போய்விட்டார். கமிட்டிக்காரர்கள் ஊர் முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத ஒரே ஆளைப் பிடித்தார்கள்.

வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். சாப்பாட்டு மேசையில் ரக்பி பேசக்கூடாது. சட்டம் போட்டது அவன். மூன்று நாள் தாங்கினால் பெரிய விஷயம்.

பிப்ரவரி 6, வியாழன்

முழங்கால் நன்றாக இருக்கிறது. ஓடினேன், திரும்பினேன், விழுந்தேன், எழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. புல்லில் இருந்த முள்தான் குத்தியது.

ரஸ் பழைய உத்திகளையே சொல்லிக்கொடுக்கிறான். எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர்த் தெருப் பெயர்கள். 'ரயில்வே கேட்' என்று கத்தினால் பந்து முன்வரிசையில் நிற்கும் பெவ்விடம் போகும், அவள் நடுவில் முட்டிக்கொண்டு ஓடுவாள். 'பால்பண்ணை' என்றால் வலது ஓரத்துக்கு நீளமாக ஒரு வீச்சு. 'கோர்ட்டு வீதி' என்றால் எதிரிகளின் முதுகுக்குப் பின்னால் உதை. பெயர் வைத்ததே நான்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால்.

"பேரையெல்லாம் மாத்து ரஸ், பழசாயிடுச்சு" என்றேன்.

"யாருக்குத் தெரியப் போகுது? விடு" என்றான்.

விட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எனக்கு நானே ஒருமுறை எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு யாராவது "இதுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்று கேட்டால் படித்துக்கொள்ள.

பன்னிரண்டு வயது வரை பையன்களோடு ஆடினேன். ஏழாம் நம்பர். பந்து யாரிடம் போகணும், எப்போது உதைக்கணும், யார் எங்கே நிற்கணும், எல்லாம் ஏழின் வாயில்தான். பதின்மூன்றாவது பிறந்தநாள் வந்தது, "பொண்ணுங்க இனிமே கூடாதும்மா" என்றார்கள். அப்போது பெண்களுக்கு அணியே இல்லை. அதற்குப் பிறகு இருபது வருஷம், இடைவேளையில் ஆம்பிளைகள் தின்ன ஆரஞ்சுப் பழம் நறுக்கினேன். கிளப்புக்குக் காசு சேர்க்க, கறி பரிசாக விழும் குலுக்கல் சீட்டு விற்றேன். ரஸ்ஸின் சேறு படிந்த ஜெர்சியைத் துவைத்தேன். பிறகு பெண்கள் அணி வந்தது. முதல் வருஷம் முழுக்க ஏழில் ஆடினேன். இரண்டாம் வருஷம் மூன்றாவது மேட்ச்சில் முழங்கால் போனது. போன வருஷம் தண்ணீர் பாட்டில் தூக்கினேன்.

ஆக, என் முப்பத்தைந்து வயதில், பெரியவளாகி நான் ஏழில் ஆடியது ஒரே ஒரு முழு வருஷம். எனக்கு அந்த நம்பர் வேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 13, வியாழன்

சனிக்கிழமை, சீசனுக்கு முன்னால் ஆடிப் பார்க்கும் முதல் டிரையல் மேட்ச். அணி விவரம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய போனுக்கும் வந்தது. அனுப்பியவன் எனக்கு எதிரே உட்கார்ந்து ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்தான்.

7 – ஷாய்லா.

கீழே தேடினேன். மேலே தேடினேன். 2 – நரெல்.

ரெண்டா? விங்கா? என்னையா ஓரத்தில் நிற்க வைக்கிறான்? நூறு மீட்டர் ஓட நான் எடுக்கும் நேரத்தில் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம்!

"ரஸ், இது என்ன?"

"மேசையில ரக்பி கூடாது" என்றான், தலை நிமிராமல்.

பிப்ரவரி 14, வெள்ளி

காதலர் தினமாம். பெட்ரோல் பங்கில் வாங்கிய பூங்கொத்து. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

'நில்' பலகை பிடிக்கும் வேலையில் ஒரு சௌகரியக் கேடு, நிற்கிற ஒவ்வொரு வண்டியும் கண்ணாடியை இறக்கும். பால் லாரிக்காரர்: "என்னம்மா, உன் புருஷன் உன்னை ஓரங்கட்டிட்டானாமே!" மருந்துக்கடைக்காரி: "விங் நல்லதுதான் நரெல், துணி அழுக்காகாது." பாதிரியார் பரிதாபமாகப் பார்த்தார், அவ்வளவுதான். அதுதான் இருப்பதிலேயே மோசம். அவர் வண்டியை மட்டும் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்க வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

முதல் டிரையல், சொந்த மைதானத்தில். ஜெயித்தோமாம். நான் அங்கே இருந்தேன் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். பந்து என்னிடம் வந்தது இரண்டு தடவை. அதில் ஒரு தடவை கோட்டுக்கு வெளியே உருண்டு போன பந்தை எடுத்துக் கொடுத்தது.

ஷாய்லாவைத் திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. பத்தொன்பது வயசு, பல்பொருள் அங்காடியில் கல்லாவில் நிற்கிறாள், மேட்ச் அன்று காலையில் ஒன்றும் சாப்பிடமாட்டாள், அவ்வளவு பயம். ஆனால் நன்றாக ஆடினாள். உதைக்கிற நேரத்தில் கொஞ்சம் தாமதிக்கிறாள், அது மட்டும்தான். ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து, "அக்கா, எப்படி இருந்துச்சு?" என்றாள். "காலைச் சீக்கிரம் தூக்குடி, அவங்க டீ குடிச்சுட்டு வர வரைக்கும் நிக்காதே" என்றேன். சிரித்தாள். எரிச்சலாக இருக்கிறது, இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

உடம்பில் ஒரு இடம்கூட வலிக்கவில்லை. இதற்குப் பெயர் ரக்பியா?

பிப்ரவரி 18, செவ்வாய்

பயிற்சி முடிந்து வரும்போது வண்டியிலேயே பிடித்துக்கொண்டேன். வண்டி மேசை இல்லை, சட்டம் செல்லாது.

"ஏன் விங்?"

"முழங்கால்."

"பிசியோ எழுதிக் கொடுத்தாச்சு. முழங்கால் சரியா இருக்குன்னு."

"ஊர் பேசும் நரெல். கோச் தன் பெண்டாட்டிக்கு ஏழாம் நம்பரைக் கொடுத்துட்டான்னு."

"இப்ப மட்டும் ஊர் வாயை மூடிக்கிட்டா இருக்கு? பால் லாரிக்காரன்கிட்ட கேட்டுப் பாரு!"

ரேடியோவைப் போட்டான். கோதுமை விலை சொன்னார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். அறுவைசிகிச்சை செய்த டாக்டர் சரி என்கிறார், பிசியோ சரி என்கிறாள், முழங்காலே சரி என்கிறது. கட்டிக்கொண்ட பூசாரி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பிப்ரவரி 20, வியாழன்

இரண்டாவது டிரையலுக்கும் 2.

பெவ் என் பக்கம் நின்றாள். பெவ் எங்கள் முன்வரிசை ப்ராப், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள், கிளப்புக்குச் செயலாளரும் அவள்தான். ஒரு மாட்டைத் தோளால் தள்ளி வழி வாங்கக்கூடியவள். ரஸ்ஸிடம் போய், "கோச், நரெலை விங்ல போடுறது குதிரையை வாங்கிக் கோழிக்கூட்டுல கட்டுற மாதிரி இருக்கு" என்றாள்.

"அணியைத் தேர்ந்தெடுக்கிறது நான், பெவ்."

"அதான் பிரச்சினையே" என்றாள்.

பிப்ரவரி 22, சனி

மணி என்னவோ. ஆனாலும் இன்றே எழுதணும்.

எங்கள் பழைய எதிரி ஊரான புல்லமூனின் மைதானத்தில் இரண்டாவது டிரையல். போய் இறங்கினால் அவர்கள் பக்கம் பத்துப் பேர்தான். பாதி அணி ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. பதின்மூன்று பேர் வேண்டும். அவர்கள் கோச் டெஸ்லி, சுருட்டை நரைமுடி, தொப்பியில் காக்டூ கிளியின் இறகு, நேராக ரஸ்ஸிடம் வந்தாள். "மூணு பேர் கடன் குடுப்பா. எங்க ஏழு வேற கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போயிட்டா, இனிமே வரமாட்டா. ஏழாவது ஆடத் தெரிஞ்ச ஒருத்தி இருந்தா புண்ணியமா போகும்."

டிரையலில் இது வழக்கம்தான். ஆள் குறைந்தால் எதிரணிக்குக் கொடுத்து உதவணும், இல்லையென்றால் இவ்வளவு தூரம் வந்தது வீண். பெஞ்சிலிருந்து இரண்டு பேரை அனுப்பினான். மூன்றாவது ஆளுக்கு எல்லோரும் ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்கள்.

டெஸ்லி ஷாய்லாவைக் காட்டினாள். "அவ வேண்டாம், அவ இங்க ஆடிப் பழகணும்" என்றான் ரஸ். பிறகு கண்ணால் வரிசையைத் துழாவினான். அந்தக் கண் என்னிடம் வரவே இல்லை! ஏழாவது ஆடத் தெரிந்த ஒருத்தி அவன் மூக்குக்கு நேரே நிற்கிறேன், வேலிக்கம்பத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போகிறான்!

இரண்டாம் நம்பர் ஜெர்சியைக் கழற்றி அவன் தோளில் போட்டேன். "நான் போறேன்."

"நரெல்—"

"வழக்கம்தானே?"

டெஸ்லி கொடுத்த சிவப்பு ஜெர்சி புகை நாற்றம் அடித்தது. முதுகில் 7.

முதல் பத்து நிமிஷம் தட்டுத் தடுமாறினேன். யார் பெயரும் தெரியாது, "ஏய் சடை", "ஏய் நெட்டை" என்று கூப்பிட்டுப் பந்து கொடுத்தேன். பிறகு ஷாய்லாவின் குரல் கேட்டது: "ரயில்வே கேட்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயரை மாற்றவே இல்லை அந்த மனுஷன்.

"நடுவுல மூணு பேர் வாங்க, அந்தக் குண்டம்மா வரா!" என்று கத்தினேன். பெவ் ஓடி வந்தாள், மூன்று பேர் காத்திருந்தார்கள், படுத்தாள். படுத்தபடியே, "துரோகி!" என்று கத்தினாள். 'பால்பண்ணை' என்றாள் ஷாய்லா. புல்லமூன் விங்கை முன்னாலேயே ஓடவிட்டேன், பாதி வழியில் பந்தைப் பிடித்து அவள் நேராகப் போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை போட்டாள். 'கோர்ட்டு வீதி' என்றபோது நானே பின்னால் போய் நின்று பந்தை வாங்கிக்கொண்டேன், வாசலில் தபால்காரரிடம் வாங்குவதுபோல்.

முழங்காலில் இரண்டு அடி விழுந்தது. எழுந்தேன். வலித்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக வலித்தது!

கடைசியில் 22–16. நான் இருந்த பக்கம் 22.

புல்லமூன்காரிகள் என்னைத் தூக்கிவிட்டார்கள். வரிங்காப் பெண்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ரொட்டியில் சுருட்டிய சாசேஜ் தின்னும்போது ஷாய்லா மட்டும் தனியாக வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, நான் பெஞ்சுக்குப் போயிடவா? கோச்கிட்ட நானே சொல்லிடறேன்."

"உளறாதே. பேரை மாத்தாதது உன் தப்பா, அவன் தப்பா? சாசேஜ் தின்னு."

வரும் வழியெல்லாம் ரஸ் ரேடியோவைத் தொடவே இல்லை. கோதுமை விலைகூட இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

சட்டத்தை அவனே உடைத்தான். மேசையில், முட்டை ஆறிக்கொண்டிருக்கும்போது.

"அன்னைக்கு உன் முழங்கால் போச்சே. அந்தச் சத்தம் ஓரத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு. காய்ஞ்ச குச்சி ஒடியற மாதிரி. இப்பவும் கேட்குது."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அடிபட்டுத் திரும்பி வந்திருக்கிற ஏழுன்னா எதிர் கோச் என்ன சொல்லுவான்? 'அவ மேலயே ஓடுங்க'ன்னு சொல்லுவான். எவனா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான். அதைப் பாத்துக்கிட்டு நான் நிக்கணுமா? விங்ல இருந்தா யாரும் உன்கிட்ட வரமாட்டாங்க."

"அப்போ ஊர் பேசும்னு சொன்னது?"

"சும்மா."

"சும்மாவா! பயமா இருக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன. அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. என்மேல் இருக்கும் பாசத்தில் என்னைக் கொண்டுபோய்ப் பத்திரமான ஓரத்தில் நிறுத்தியிருக்கிறான். பதின்மூன்று வயதில் என்னை வெளியே அனுப்பியவர்களும் "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றுதான் சொன்னார்கள். அதையும் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப் போனது.

ஆறிப்போன முட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி. ஷாய்லாவை எடுத்துட்டு உன்னை ஏழுல போடுறேன்" என்றான்.

இதற்காகத்தானே இவ்வளவு நாளும் குதித்தேன்? வாயில் 'சரி' வரவில்லை. சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் கண்தான் வந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

டெஸ்லி போன் செய்தாள். "நரெல், வளைச்சுப் பேச எனக்கு வராது. அந்தச் சிவப்பு ஜெர்சியைத் துவைச்சு வச்சிருக்கேன். வந்து போட்டுக்கோ, வருஷம் முழுக்க."

யோசிக்கணும் என்றேன்.

"யோசி. ஆனா எங்க ஊர்ல ஏழு இல்ல, உங்க ஊர்ல ரெண்டு இருக்கு. கணக்கு அவ்வளவுதான்."

பயிற்சிக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். தலை வலிக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

வண்டிகளை நிறுத்தி அனுப்புகிறேன், நிறுத்தி அனுப்புகிறேன். என்னை மட்டும் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

வரிங்காவை விட்டு எதிரி ஊருக்கா? எங்கள் ஊரில் புருஷனை மாற்றினால்கூட மன்னிப்பார்கள், கிளப்பை மாற்றினால் பேரக்குழந்தை வரை சொல்லிக்காட்டுவார்கள். வரிங்காவில் ஏழு வாங்கினால் ஷாய்லா பெஞ்சு. அவளே போய் உட்கார்ந்துகொள்வாள், முணுமுணுக்கக்கூட மாட்டாள், அடுத்த வருஷம் வரவும் மாட்டாள். எனக்குத் தெரியும் அந்தப் பெஞ்சு. அதில் உட்கார்ந்து ஆரஞ்சு நறுக்கியவள் நான்.

மார்ச் 1, சனி

ரஸ்ஸிடம் சொன்னேன். துணி காயப்போடும்போது, ஆளுக்கு ஒரு முனை போர்வையைப் பிடித்துக்கொண்டு.

"புல்லமூனுக்குப் போறேன்."

போர்வையை உதறினான். இன்னொரு தடவை உதறினான்.

"நான் ஏழு தரேன்னேன்ல?"

"எனக்கு யாரும் தர வேண்டாம் ரஸ். அங்கே அது காலியா இருக்கு."

"என்மேல கோபத்துலயா?"

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. இப்ப இல்ல."

துணி கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு போர்வையைக் கொடியில் போட்டான்.

மார்ச் 4, செவ்வாய்

கிளப் மாறுவதற்கு எங்கள் கிளப் செயலாளர் சம்மதிக்கணும். அதாவது பெவ். பஸ் நிற்கும் கொட்டகைக்கே போனேன். போனில் 'சம்மதம்' என்ற பொத்தானைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிஷம் திட்டினாள். என்னை, ரஸ்ஸை, டெஸ்லியின் தொப்பியை, கல்யாணம் வைத்துக்கொண்டவர்களை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"போ. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். உனக்கு விழற முதல் அடி என்னுதுதான். வேற எவளுக்கும் விட்டுத்தர மாட்டேன்."

கட்டிக்கொண்டோம். டீசல் வாடை.

மார்ச் 6, வியாழன்

முதல் சுற்று யாரோடு என்று வந்துவிட்டது. வரிங்கா – புல்லமூன். வேறு என்ன வரும்!

மார்ச் 11, செவ்வாய்

வரிங்காவின் அணி வந்தது. 7 – ஷாய்லா. சரியான தேர்வு. அதை அவனிடம் சொல்லமாட்டேன்.

உத்திகளுக்கெல்லாம் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறான், ஒருவழியாக. குளிக்கும்போது உள்ளே கத்திக் கத்திப் பார்க்கிறான். நான் சமையலறை ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தேன். எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

"இனிமே இது நெசமாவே சட்டம்" என்கிறான். மேசையிலும் பேசக்கூடாது, வண்டியிலும் பேசக்கூடாது, துணிக்கொடியிலும் பேசக்கூடாது. இரண்டு பேரும் மூன்று நாளாக வானிலை பேசுகிறோம். மழை வராது என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

இன்று ஆஸ்பத்திரி ரோட்டில் பால் லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ஏற்றிக்கொண்டார். பரவாயில்லை. 'மெதுவாகப் போ'வைக் காட்டினேன்.

மார்ச் 15, சனி

காலை. மைதானத்துக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

நானே முழங்காலில் டேப் ஒட்டிக்கொள்ளலாம் என்று மேசை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கோணல்மாணலாக வந்தது. எப்போதும் ஒட்டிவிடுவது அவன்தான், ஆடிய ஒவ்வொரு மேட்ச்சுக்கும். இன்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அவன் எதிரணியின் கோச்.

வரிங்கா தொப்பியோடு உள்ளே வந்தான். பார்த்தான். டேப்பை என் கையிலிருந்து வாங்கி, நான் ஒட்டியதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து ஒட்ட ஆரம்பித்தான். குனிந்த தலையோடு, மேசையிலேயே, பேசினான்.

"இன்னைக்கு எல்லாரையும் உன் மேலதான் ஓட விடப் போறேன்."

டேப்பை முழங்காலுக்குக் கீழே ஒரு சுற்று இழுத்தான்.

"முதல்ல பெவ். அப்புறம் அந்தப் பக்கம் ரெண்டு பேர். கடைசி வரைக்கும் விடமாட்டேன். சொல்லியாச்சு அவங்ககிட்ட."

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்." கத்தரிக்கோலைத் தேடினான், பிறகு பல்லால் கடித்தே கிழித்தான். "இறுக்கமா இருக்கா?"

"இன்னொரு சுத்து போடு."

போட்டான். விரலால் ஓரத்தை அழுத்தித் தடவினான், சுருக்கம் இல்லாமல்.

வெளியே ஹார்ன் அடிக்கிறான். வீட்டில் ஒரே வண்டிதான், சேர்ந்துதான் போகணும். சிவப்பு ஜெர்சியைப் பையில் அடியில் வைத்திருந்தேன். எடுத்து மேலே வைத்துக்கொண்டேன்.